இறங்காத பள்ளங்கள்

காட்டில் வழிதவறிப் போனவர்களைத் தேடும் தொண்டர் குழு ஒன்றில் நான் பதினோராண்டுகள் இருந்தேன். குழு என்றவுடன் சீருடையும் வண்டிகளும் நினைவுக்கு வரவேண்டா. ஒரு தையற்கடையின் பின்னறைதான் எங்கள் தலைமை அலுவலகம். அக்கடையின் தையற்காரரே எங்கள் தலைவர். அந்த அறையில் எப்போதும் இஸ்திரிப் பெட்டியின் ஆவியும் ஈரக் கம்பளித் துணியின் வாடையும் கலந்திருக்கும். இன்றும் எங்கேனும் துணி தேய்க்கும் மணம் மூக்கில் பட்டால், என் கால்கள் தாமாகவே பூட்ஸைத் தேடுகின்றன.

அறைச் சுவரில் காட்டின் வரைபடம் தொங்கும். துணியில் கோடிடும் சாக்கட்டியால் அதனை இருபது கட்டங்களாகப் பிரித்திருந்தார் தையற்காரர். எவரேனும் காணாமற்போனால் ஆளுக்கொரு கட்டம். கோட்டு தைக்க உள்துணி வெட்டியபின் மிஞ்சும் மஞ்சள் துண்டுகளை நாடாக்களாகக் கிழித்துத் தருவார். கட்டத்தை முழுதும் தேடி முடித்தவர், அதன் முகப்பிலுள்ள மரத்தில் ஒரு நாடாவைக் கட்டிவிட்டு வந்து சொல்லவேண்டும். அவர் வரைபடத்தில் ஒரு குண்டூசி குத்துவார். நாடா கட்டிய கட்டத்திற்குள் பிறகு எவரும் போவதில்லை. கட்டியவரை எவரும் கேள்வி கேட்பதுமில்லை. எங்களுக்கு இருந்த ஒரே சட்டம் அதுதான்.

நான் சொல்லவந்த நாளில் காணாமற்போயிருந்தவர் ஊரின் புகைப்படக்காரர். எழுபதை நெருங்கியவர். பறவைகளைப் படமெடுக்கப் போகிறேன் என்று முந்தைய நாள் பிற்பகல் காட்டுக்குள் சென்றவர் திரும்பவில்லை. விடிந்ததும் நாங்கள் புறப்பட்டோம். நண்பகலுக்குள் பதினான்கு கட்டங்களில் குண்டூசிகள் ஏறிவிட்டன. ரொட்டியும் தேநீருமாக எல்லோரும் பின்னறையில் நின்றுகொண்டிருந்தபோது, அவருடைய மகள் உள்ளே வந்தாள். அப்பாவுக்குப் போர்த்தக் கம்பளி எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தவள், கைக்குட்டையை விரித்துக் காட்டினாள்.

"அப்பா காது மிஷினை மேசையிலயே வச்சிட்டுப் போயிருக்கார்."

"காது மிஷினா? அவருக்குக் காது கேக்காதா?" என்றார் தையற்காரர்.

"அது இல்லேன்னா சுத்தமா கேக்காது. வெளியில மூச்சு விடக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கார். போட்டோ பிடிக்கறவனுக்குக் காது எதுக்குடின்னு கேப்பார்."

"அதான் போன மாசம் நான் அவ்வளவு ஹாரன் அடிச்சும் நகராம நின்னாரா?" என்றான் என் மைத்துனன். என் மனைவியின் தம்பி, லாரி மெக்கானிக். "திமிர் பிடிச்ச மனுஷன்னு நெனச்சேன்."

தையற்காரர் வரைபடத்தின் பக்கம் திரும்பினார்.

"அப்போ கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்ல. கண்ணாலதான் தேடணும். பாக்கி இருக்கறது வடக்குல ஆறு கட்டம். எல்லாரும் அங்க போயிடலாம். நேத்து ராத்திரிக் குளிரை எப்படியோ தாங்கியிருப்பார். இன்னொரு ராத்திரி தாங்காது."

வடக்குக்கு நடையாக இரண்டு மணி நேரம். அங்கே போய்விட்டால், பொழுது சாய்வதற்குள் வேறெங்கும் திரும்ப இயலாது.

நான் ரொட்டியைக் கீழே வைத்தேன். காலையில் எனக்குத் தரப்பட்டது ஏழாம் கட்டம். அதன் நடுவே முட்புதர் மூடிய ஆழமான பள்ளம் ஒன்று உண்டு. நான் அதன் விளிம்பில் நின்று மும்முறை உரக்கக் கூப்பிட்டேன், ஒரு நிமிடம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன், பதில் வரவில்லை. நாடாவைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன். முழங்கால் வலியென்று பிற்காலத்தில் என் மனைவியிடம் சொன்னதுண்டு. வலியன்று, வெறும் சோம்பல். உள்ளே ஆள் இருந்தால் பதில் சொல்லமாட்டாரா என்ற நினைப்பு. காது கேளாதவர் எப்படிப் பதில் சொல்வார்?

ஊரில் என்னை எல்லோரும் வாத்தியார் என்பார்கள். பொய் சொன்ன மாணவர்களை வகுப்பில் எழுப்பி நிறுத்தியவன் நான். அந்தக் கணத்தில் எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? வடக்கே போகும் வழியில் மெல்ல நழுவி, ஒருவரும் அறியாமல் ஏழாம் கட்டத்தைப் பார்த்துவிடலாம் என்பதே. அவர் அங்கே கிடந்தால், தனியொருவனாக எப்படித் தூக்குவது? அது உறைத்த பிறகுதான் வாய் திறந்தது.

"ஏழாவதுல நான் பள்ளத்துல இறங்கல. மேல நின்னு கூப்பிட்டுட்டு நாடா கட்டிட்டேன்."

என் மைத்துனன் பூட்ஸ் கயிற்றைப் பிடித்தபடியே நிமிர்ந்தான். தையற்காரர் என்னைப் பார்க்கவில்லை. ஏழாம் கட்டத்துக் குண்டூசியைப் பிடுங்கி, மணிக்கட்டில் கட்டியிருந்த பஞ்சுப் பொதியில் குத்தினார். பின்னர் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"வேற யாராவது?"

பிறகு மருந்துக்கடைக்காரர் தம் தேநீர்க் கோப்பையைத் தைக்கும் மிஷின்மேல் வைத்தார். குழுவிலேயே ஒழுங்கானவர் என்று பெயரெடுத்தவர். மாத்திரையைக்கூட இருமுறை எண்ணித் தருபவர்.

"மூணு," என்றார். "அந்தப் பாறைச் சரிவுல இறங்கல. விசில் ஊதினேன். பதில் வரல."

"பதினொன்னுல பாதி," என்றான் என் மைத்துனன், தரையைப் பார்த்தவாறே.

புகைப்படக்காரரின் மகள் எங்கள் மூவரையும் மாறிமாறிப் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும். "இப்பப் போனா பாத்துடலாம் இல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

தையற்காரர் குழுவை நான்காகப் பிரித்தார். ஏழுக்கு நானும் மைத்துனனும். முட்களை வெட்டிக்கொண்டு இறங்கும்போது அவன் சொன்னான்:

"பயப்படாதீங்க அத்தான். அக்காகிட்ட சொல்லமாட்டேன்."

"நானும் பதினொன்னைப் பத்திச் சொல்லமாட்டேன்."

"அக்காவுக்கு அதெல்லாம் தானாவே தெரிஞ்சிடும். நம்ம மூஞ்சி அப்படி."

பள்ளத்தின் அடிவரை சென்றோம். ஒவ்வொரு புதரையும் விலக்கிப் பார்த்தோம். பழைய கண்ணாடிப் புட்டி ஒன்று கிடந்தது; வேறொன்றுமில்லை. அவர் அங்கே இல்லாததில் எனக்கு ஏமாற்றமாயிருந்தது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். என் பிழையை என் கையாலேயே திருத்தும் வாய்ப்பை எதிர்பார்த்திருந்தேன் போலும்.

அப்போது மேற்கேயிருந்து மூன்று நீண்ட விசில்கள் கேட்டன. ஆள் கிடைத்தார் என்பதற்கான அடையாளம் அது. மேற்கே இருப்பது மூன்றாம் கட்டம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, புகைப்படக்காரர் பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலக்கால் முறிந்திருந்தது; உதடுகள் நீலம் பாரித்திருந்தன. மடியில் கேமரா, தோளில் மருந்துக்கடைக்காரரின் கோட்டு. தம் குரல் தமக்கே கேளாததால், கம்மிய தொண்டையோடு கத்திக் கத்திப் பேசினார்.

"காலையில மேல நின்னது நீங்கதானே? கன்னத்தை உப்பிக்கிட்டு எதையோ ஊதினீங்க. நானும் கையை ஆட்டு ஆட்டுன்னு ஆட்டினேன். நீங்க பாட்டுக்கு மரத்துக்கு நாடா கட்டிட்டுப் போயிட்டீங்க. மரத்துக்குத்தான் பொறந்தநாளோன்னு நெனச்சுக்கிட்டேன்."

மருந்துக்கடைக்காரர் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். தூக்குப்படுக்கையின் முன்பிடியைத் தாமே பிடித்துக்கொண்டு, வழி நெடுகத் திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டு வந்தார். படுத்திருந்தவருக்கு அதில் ஓரெழுத்தும் கேட்டிராது. சாலையில் காத்திருந்த மகள் ஓடிவந்து காது மிஷினை அவர் காதில் பொருத்தியபின், மருந்துக்கடைக்காரர் மறுபடியும் ஒருமுறை சொன்னார்.

"மன்னிச்சிடுங்க."

"அது கெடக்கட்டும்," என்றார் புகைப்படக்காரர். "கால் வலிக்கு ஏதாவது வச்சிருக்கீங்களா?"

நானும் மருந்துக்கடைக்காரரும் மறுவாரக் கூட்டத்திற்குப் போவதா வேண்டாவா என்று தனித்தனியே தயங்கியிருக்கிறோம். இருவரும் கடை வாசலில் சந்தித்துக்கொண்டோம். சேர்ந்தே உள்ளே போனோம். தையற்காரர் நடந்ததைப்பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனால் அதன்பிறகு தேடித் திரும்பியவர்கள் முடித்துவிட்டேன் என்றவுடன் குண்டூசி குத்துவதை விட்டுவிட்டார். "எங்க இறங்கல?" என்று முதலில் கேட்பார். இறங்காத இடத்தைச் சாக்கட்டியால் வட்டமிட்டுக்கொள்வார். வேறொருவர் எழுந்து அங்கே போவார்.

சில ஆண்டுகளில் அரசாங்கத்தின் மீட்புப் படை வந்தது. எங்கள் தேவை தீர்ந்தது. தையற்காரரும் இப்போது இல்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்கூடங்களில் உழைத்தேன். எத்தனையோ கூட்டங்களில் செய்து முடித்தவற்றைப் பட்டியலிட்டு வாசித்திருக்கிறேன். அந்தக் கேள்வியை வேறெவரும் என்னிடம் கேட்டதில்லை. அந்தப் பின்னறையில், ஆவி பறக்கும் மேசையைச் சுற்றி நின்றுகொண்டு, "ஒம்பதுல ஒரு குகை மாதிரி இருக்கு, பாம்பு இருக்குமோன்னு பயமா இருந்தது, எட்டிப் பாக்கல," என்று என் மைத்துனன் சொல்வான். "சரி, தேநீர் குடிச்சிட்டு நான் போறேன்," என்பார் மருந்துக்கடைக்காரர்.