நூற்று நாற்பத்தைந்தாம் வரி

டிவியை அப்பாவின் கால்மாட்டைச் சுற்றித்தான் எடுத்துப்போக வேண்டியிருந்தது. ஒரு பக்கம் ரேணுகாம்பாள் பிடித்திருந்தாள், மறுபக்கம் ராஜமாணிக்கம். கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். ஒயர் தரையில் இழுபட்டது. இரண்டு கையும் டிவியில் இருந்ததால் ராஜமாணிக்கம் குனிந்து அதைப் பல்லில் கவ்விக்கொண்டார்.

"ஏண்டி ரேணு, என்னாடி இது?" அத்தை ராணியம்மாள் அழுகையை நடுவில் நிறுத்திவிட்டுக் கேட்டாள். "பொணம் இன்னும் வெளிய போவல. சாவு வூட்டுல டிவி போடப் போறியா?"

"படம் பாக்க இல்ல அத்தே. சொந்தக்காரங்க அட்ரஸ் எல்லாம் இதுலதான் வரும்."

"அட்ரஸ் டிவில வருதா? நல்லா சொன்ன போ. ஊர்ல கேட்டா வாயால சிரிக்க மாட்டாங்க."

அப்பாவின் வேட்டி ஓரத்தை நீவிவிட்டபடி இருந்த அம்மா சந்திரம்மாள் தலையைத் தூக்கினாள்.

"அவருதான் அதுல போட்டு வெச்சாரு. எடுத்துனு போவட்டும், வுடு."

அடுப்பு பற்றவைக்கக் கூடாத நாள். சமையலறை காலியாகக் கிடந்தது. ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் மேடைமேல் டிவியை வைத்தார்கள். அரிசி டின்மேல் டேப் ரெக்கார்டர். ரேணுகா தரையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டாள். டைப்ரைட்டரின் கட்டைகளை மட்டும் தனியே அறுத்தெடுத்து ஒரு கறுப்புப் பெட்டியில் பதித்ததுபோல் இருக்கும் அது; டிவிதான் அதற்குத் திரை. மெட்ராஸில் அண்ணன் அருணகிரி வேலை பார்க்கும் கம்பெனியில் பழசு என்று ஒதுக்கியதை, பொங்கலுக்கு வந்தபோது தங்கைக்காகக் கொண்டுவந்திருந்தான்.

அப்பா இராமலிங்கம் காலை ஆறு மணிக்குக் காபி குடித்தார். டம்ளரைத் தானே கீழே வைத்தார். சுவரில் சாய்ந்தார். அவ்வளவுதான். இரண்டு வருஷமாக இருதயக் கோளாறு. படுக்கையில் கிடந்து அவஸ்தைப்படாமல் போனாரே என்று வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

அண்ணனுக்கு டிரங்க் கால் போட்டாயிற்று. மத்தியானத்துக்குள் வந்துவிடுவான். எடுப்பு நாலு மணிக்கு. ஆனால் உறவுக்காரர்கள் அத்தனை பேரும் சுற்றுவட்டாரக் கிராமங்களில் இருந்தார்கள். போன் கிடையாது. தந்தி கொடுத்தால் நாளைக்குத்தான் போகும். பஸ் மட்டும் எல்லா ஊருக்கும் உண்டு. அப்பா முப்பத்தொரு வருஷம் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் வண்டிகளை நேரம் பார்த்து அனுப்பும் டைம்கீப்பராக இருந்தவர். இப்போது அந்த நாற்காலியில் இருப்பவர் ராஜமாணிக்கம். சேதி கேட்டதும் பஸ் ஸ்டாண்டு ஆபீசில் நாலு பேரை உட்காரவைத்து, சாவுச் சேதியைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். பேரும் ஊரும் மட்டும் எழுத வேண்டும். அந்தந்த ஊர்க் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டால் சீட்டு போய்ச் சேர்ந்துவிடும்.

அந்தப் பேர்கள்தான் வேறெங்கும் இல்லை. அப்பாவின் விலாச நோட்டைக் கரையான் பாதி தின்றுவிட்டது. மிச்சத்தை அப்பா சொல்லச்சொல்ல ரேணுகா கம்ப்யூட்டரில் ஏற்றினாள். ஏற்றி முடித்ததும் அப்பா நோட்டை வெந்நீர் அடுப்பில் போட்டார். "எல்லாம் உள்ள போயிட்டுதே, இது எதுக்கு?" என்றார்.

"எவ்ளோ நேரம் ஆவும் பாப்பா?" ராஜமாணிக்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒம்போது பத்துக்கு வேட்டவலம் வண்டி. அத வுட்டா மத்தியானம்தான்."

மணி எட்டரை. ஒன்பதுக்குக் கரண்டு போய்விடும். அந்த மாதம் முழுக்க அப்படித்தான். அப்பாவின் அக்கா மகன்கள், அம்மாவின் பிறந்த வீட்டுக்காரர்கள், அப்பாவைத் தூக்கவேண்டிய தோள்கள் எல்லாம் இந்தப் பெட்டிக்குள் இருந்தன. அந்தப் பெட்டியோ மூன்று மாதமாக மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. ஏன் என்று ரேணுகாவுக்கு இன்றுவரை தெரியாது.

பகலில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் அவளுக்கு வேலை. சாயங்காலம் தேரடித் தெரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு. பதினெட்டுப் பேருக்கு ஒரே ஒரு மெஷின். அதனால் மாஸ்டர் ஒரு சட்டம் போட்டிருந்தார்: புரோகிராமை முதலில் நோட்டில் எழுது, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து நீயே கம்ப்யூட்டர் மாதிரி நடந்து பார், தப்பை நோட்டிலேயே பிடி. ரேணுகா அந்தச் சட்டத்தை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். வரிகளுக்குப் பத்து, இருபது, முப்பது என்று எண் போட்டாள். தினமும் என்ன செய்தாள், என்ன தப்பு விட்டாள் என்று டைரியும் எழுதினாள். தப்புகளின் பங்குதான் அதில் ஜாஸ்தி.

முதல் தடவை ஓடவிட்டபோது நாற்பத்துமூன்று விலாசங்களும் கண்மூடித் திறப்பதற்குள் திரையில் ஏறிப் போயின. அப்பா சிரித்தார். "என்னாம்மா இது, எந்த வண்டியும் நம்ம ஸ்டாண்டுல நிக்காம போவுது?"

"சரி பண்ணணும்ப்பா. ஆனா அதான் கம்ப்யூட்டர் வேகம்," என்றாள் கொஞ்சம் பெருமையாக.

சரி பண்ணுவதற்குள் மே மாதம் அது தானாகவே மெதுவாகிவிட்டது. ஒரு பேர் வரும், நிற்கும், வெகுநேரம் கழித்து அடுத்த பேர் வரும். ரேணுகா முறைப்படி காரணம் தேட ஆரம்பித்தாள். டைரியில் இப்படி இருக்கிறது:

"மே 14. சூடாகிறதோ என்று விசிறி வைத்துப் பார்த்தேன். மாற்றம் இல்லை. மே 20. பக்கத்து வீட்டு ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தேன். மாற்றம் இல்லை. மே 27. கேசட்டைத் துடைத்தேன். இல்லை. ஜூன் 3. சின்ன புரோகிராம் ஒன்று அடித்துப் பார்த்தேன். வேகமாக ஓடுகிறது. அப்படியானால் மெஷினில் குறை இல்லை. என் புரோகிராமில்தான் குறை. நோட்டை நாலு தடவை விரல் வைத்துப் பார்த்துவிட்டேன். பிழை தெரியவில்லை. தெரியாத அளவுக்கு நான் மக்கு என்பதுதான் தெரிகிறது."

அவள் விசிறியும் துணியுமாக அலைவதை அப்பா நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். "மெதுவா வந்தா இப்ப என்னா? தல போற அவசரமா?" என்பார். பேர்களை அகரவரிசையில் அடுக்கித் தருகிறேன் என்றபோதும், "இருக்கறபடியே இருக்கட்டும்மா. உங்கண்ணன் கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பத்தானே? எந்த வரிசைல இருந்தா என்னா?" என்றுவிட்டார்.

புரோகிராமும் விலாசங்களும் பதிந்திருந்த கேசட் ஓடத் தொடங்கியதும் டேப் ரெக்கார்டர் வீல் வீலென்று கத்தியது. கூடத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது. "என்னாடி அது, பூனை வால மிதிச்சாப்ல?"

ரேணுகா சத்தத்தைக் குறைக்கவில்லை. குறைத்தால் கம்ப்யூட்டரில் சரியாக ஏறாது. ஐந்து நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு ரன் என்று அடித்தாள்.

"வேகமா போச்சுன்னா நெறுத்துன்னு சொல்லுவேன், நெறுத்திடணும்," என்று ராஜமாணிக்கம் பேனாவைத் திறந்தார்.

"அந்தக் கவலை இல்ல மாமா. ரொம்ப மெதுவாத்தான் வரும். என்கிட்டதான் ஏதோ தப்பு. கண்டுபிடிக்க முடியல."

முதல் பேர் வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்ப் பேர். வேட்டவலம் பக்கத்தில் இருக்கும் சித்தப்பா. ராஜமாணிக்கம் எழுத்துக்கூட்டிப் படித்து எழுதினார். அடுத்தது, அதற்கடுத்தது. ஒன்பதாவது பேரில் அவர் பேனா சற்று நின்றது.

"பாப்பா, வேட்டவலம் முடிஞ்சி கீழ்பென்னாத்தூர் வருது பாரு. அடுத்தது அவலூர்பேட்டையா வரும்."

பதினைந்தாவது பேர் அவலூர்பேட்டைதான்.

"எப்படி மாமா தெரியும்?"

"ஸ்டாண்டுல வண்டி நிக்கற வரிசைம்மா இது. சீட்டப் பிரிக்கவே வேணாம். இந்த முனைலருந்து அந்த முனை வரைக்கும் குடுத்துனே போவலாம்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "பெரிய ஆளுப்பா. கல்யாணப் பத்திரிகைக்குன்னுதான் எங்கிட்டயும் சொன்னாரு. அத யாரு பஸ்ல அனுப்புவா?"

ரேணுகா வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜமாணிக்கம் பேரை எழுதினார், ஊரை எழுதினார், சீட்டை இரண்டாக மடித்தார், பையில் போட்டார், அடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். அடுத்த பேர் வந்தது. முதலில் தற்செயல் என்று நினைத்தாள். எதையும் ஒரு தடவைக்கு மூன்று தடவையாகப் பார்க்கிறவள் அவள். இருபதாவது பேரைப் பார்த்தாள், இருபத்தொன்றை, இருபத்திரண்டை. அவர் நிமிர்வதும் பேர் வருவதும் ஒன்றாகவே நடந்தன. ஒரு தடவைகூட அவர் நிறுத்து என்று சொல்லவில்லை. சீக்கிரம் வரட்டும் என்றும் சொல்லவில்லை.

எட்டு ஐம்பதுக்குக் கடைசிச் சீட்டும் பைக்குள் போயிற்று. "கரெக்ட் டைம்," என்று ராஜமாணிக்கம் எழுந்தார். பழக்கத்தில் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. கூடத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை எடுக்கப் போனார்.

ரேணுகா கம்ப்யூட்டரை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்துபோய்த் தன் வகுப்பு நோட்டை எடுத்துவந்தாள். லிஸ்ட் என்று அடித்தாள். மெஷினுக்குள் இருக்கும் வரிகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. நோட்டை மட்டும்தான் அவள் இதுவரை சரிபார்த்திருந்தாள். நோட்டில் இருப்பதுதான் மெஷினிலும் இருக்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை. எல்லாச் சந்தேகமும் தன்மேல்தான்.

நூற்று முப்பது. நூற்று நாற்பது. நூற்று நாற்பத்தைந்து.

ஐந்தில் முடியும் எண்ணை அவள் போட்டதே இல்லை.

ஒன்றிலிருந்து பதினெட்டாயிரம் வரை எண்ணு என்று மட்டும் அந்த வரியில் இருந்தது. எண்ணிவிட்டுச் செய்ய ஒன்றும் இல்லை.

ஏப்ரலில் ஒருநாள் அப்பா அவள் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். "இதென்னாம்மா, ஒண்ணுலருந்து ஆயிரம் வரைக்கும் எண்ணுன்னு போட்டிருக்க. எண்ணிட்டு?" என்று கேட்டார்.

"எண்ணிட்டு ஒண்ணும் பண்ணாதுப்பா. நேரம் போவும். அவ்ளோதான்."

"எங்க வேலையும் அதானே. அதுக்குப் போய் முப்பத்தோரு வருஷம் சம்பளம் குடுத்தாங்க," என்று சிரித்தார். அன்றைக்கே கேசட்டில் பதிவது எப்படி, வரி சேர்ப்பது எப்படி என்றெல்லாம் கேட்டுக்கொண்டார். பகலெல்லாம் சும்மா இருப்பவர், பொழுது போகட்டும் என்று அவளும் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

கரண்டு போயிற்று. திரை சுருங்கி ஒரு புள்ளியாகி அணைந்தது.

கேசட்டை எடுத்து டப்பாவில் வைக்கும்போது உள்ளே மடித்திருந்த அட்டை வெளியே வந்தது. மேல்பக்கம் அவள் எழுத்து. திருப்பினாள். பென்சிலால், டிரிப் ஷீட்டில் எழுதுவதுபோல் ஒன்றன்கீழ் ஒன்றாக அப்பா எழுதியிருந்தார்.

9.5.88. 12,000 – பத்தலை.
10.5.88. 15,000 – எழுதலாம். மடிக்க நேரம் இல்லை.
11.5.88. 18,000 – சரி.

"ரேணு, ஒரு சொம்பு தண்ணி கொண்டா," என்று அம்மா கூப்பிட்டாள். அட்டையைப் பழையபடி மடித்து வைத்துவிட்டு அவள் சொம்பைத் தேடினாள்.

பதினொன்றரைக்கு முதல் ஆட்கள் வந்தார்கள், வேட்டவலத்திலிருந்து. அதன்பிறகு வந்துகொண்டே இருந்தார்கள். செங்கம் வண்டி டிரைவர் தெருமுனையிலேயே பஸ்ஸை நிறுத்தி ஏழு பேரை இறக்கிவிட்டு, தானும் இறங்கிவந்து கும்பிட்டுவிட்டுப் போனார். மூன்று மணிக்குத் தெருவில் கால் வைக்க இடமில்லை. நாற்பத்துமூன்று வீட்டில் நாற்பத்தோரு வீடு வந்துவிட்டது. மற்ற இரண்டும் பூட்டியிருந்தன என்று கண்டக்டர் சொல்லியனுப்பினார்.

அத்தை ராணியம்மாள் வந்தவர்களைக் கட்டிப்பிடித்து அழுததற்கு நடுவில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்கண்ணன் பேரு டிவில வந்துதும்மா. டிவில பாத்துத்தான் சேதி சொன்னாங்க. யாருக்கு வரும் அந்தக் குடுப்பன?"

அந்த வருஷம் முழுக்க கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் அந்தப் பேச்சு இருந்தது. யாரும் மறுக்கவில்லை.

பதினோராம் நாள், காரியத்துக்கான கார்டுகளை எழுத உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு கார்டின் மூலையிலும் அருணகிரி கறுப்பு மை தடவி வைத்திருந்தான். டிவி கூடத்துக்குத் திரும்பி வந்திருந்தது. திரையில் இரண்டு பேர் வந்ததுமே அவன் பொறுமையிழந்தான்.

"என்ன ரேணு, இப்படி இழுக்குது? தள்ளு." லிஸ்ட் போட்டு ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டான். "இது யாரு போட்டது, நூத்தி நாப்பத்தஞ்சு? சும்மா எண்ணிக்கிட்டு கெடக்குது. இத எடுத்தா பறக்கும்."

"இருக்கட்டும்ணா."

"எதுக்கு?"

"எழுத வசதியா இருக்கும்."

அவன் தோளைக் குலுக்கிவிட்டு, அம்மாவோடு பேச உள்ளே போனான். முந்தின நாள் இரவே அவள் டைரியில் எழுதிவிட்டிருந்தாள்: "மெதுவாக ஓடிய காரணம் தெரிந்தது. பிழை இல்லை." வகுப்பு நோட்டிலும் நூற்று நாற்பதுக்கும் நூற்று ஐம்பதுக்கும் இடையில் இருந்த சின்ன சந்தில் அந்த வரியைப் பொடி எழுத்தில் நுழைத்திருந்தாள்.

ரன் அடித்தாள். முதல் பேர் வந்தது. கார்டில் பேரையும் ஊரையும் எழுதினாள். கார்டை மடிக்க வேண்டியதில்லை. அதனால் கொஞ்சம் நேரம் மிஞ்சியது. பேனாவைக் கீழே வைத்து, கையை மடியில் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

அடுத்த பேர் வந்தது.