இடது மேசையில் தங்கிப்போன பதிவு

1

இந்தக் கதை பிறந்ததற்கு என் மாமியார்தான் காரணம். உள்ளுணர்வு, உந்துதல் என்று பெரிதாக எதையாவது சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது இதுதான்: ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அத்தை என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை, நீங்க என்னமோ கதையெல்லாம் எழுதறீங்களாமே. உருப்படியா ஒண்ணு எழுதிக் கொடுங்க."

உருப்படியானது என்று அவர் சொன்னது ஒரு விண்ணப்பத்தை. மாமா ராணுவத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பணிப்பதிவேட்டில் இரண்டு பதக்கங்கள் விடுபட்டிருக்கின்றன. அவற்றைச் சேர்க்கச் சொல்லிப் பதிவுத் திருத்தக் குழுவுக்கு எழுத வேண்டும். படிவத்தில் 'நிகழ்வைச் சுருக்கமாக விவரிக்கவும்' என்று போட்டு, அதற்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கட்டம் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கட்டத்தில் அடங்காததெல்லாம் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

2

தொடக்கம் ஒன்று: "தீ நாக்குகள் இரவு வானை நக்கிக்கொண்டிருந்த அந்தக் கொடிய—"

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "பட்டப்பகல் மாப்பிள்ளை அது" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

தொடக்கம் இரண்டு: "இரும்பு நெஞ்சம் கொண்ட அந்தப் படைவீரர்—"

இதற்கு என் மனைவி சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து அத்தை எட்டிப் பார்த்தார். "எங்கப்பா பல்லியைப் பார்த்தா கட்டில் மேல ஏறிடுவார்" என்றாள் மனைவி. அதையும் கை கழுவினேன்.

தொடக்கம் மூன்று, கடைசியில் எனக்குச் சரியாக வந்தது: முன்னாள் படைவீரர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். எல்லோரும் சட்டையில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். புதிதாக வந்த செயலாளர், வயதில் மிகச் சிறியவர், கையில் ஒரு பட்டியலோடு வருகிறார். மாமாவின் முன்னால் வந்து நிற்கிறார்.

"சார், உங்க ரெக்கார்டுல இந்த ரெண்டு மெடலும் இல்லையே."

"விட்டுப்போயிருக்கும்."

"இப்ப ரொம்பக் கண்டிப்பு சார். கடையிலயே வாங்கி மாட்டிக்கிறாங்க. உங்களைச் சொல்லல. கழட்டி வச்சுடுங்க. ரெக்கார்டைச் சரி பண்ணிட்டு வந்து தாராளமா போட்டுக்கங்க."

மாமா கழற்றினார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கூட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அதன் பிறகு சங்கத்துப் பக்கம் போகவில்லை, சாயங்காலம் நடக்கப் போவதையும் நிறுத்திவிட்டார். போகிற வழியில் சங்கத்துக்காரர்கள் இரண்டு பேர் வீடு இருக்கிறது.

"திருடி மாட்டிக்கிட்டார்னு சொல்லாம சொல்லிட்டாங்க" என்றார் அத்தை. "அடுத்த கூட்டத்துக்குள்ள திருத்தலைன்னா விசாரணையாம், பேரை எடுத்துடுவாங்களாம். இந்த மனுஷன் ஒருத்தர் பென்சிலைக்கூட எடுத்து வச்சுக்க மாட்டாரு. இவருக்குப் போலி மெடல்காரர்னு பேரு வரணுமா?"

எனக்கும் கோபம் வந்தது. கோபம் கதைக்கு நல்லது என்று உடனே நினைத்துக்கொண்டேன். எழுதுகிறவர்களுக்கு இந்தப் புத்தி போகாது.

3

இந்த இடத்தில் வாசகருக்கு வருகிற சந்தேகம் எனக்கும் வந்தது. மாமா பொய் சொல்கிறாரோ?

பொய் சொல்வது என் தொழில் என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் விவரம் உண்டு. பொய் சொல்கிறவன் விவரங்களை அள்ளிக் கொட்டுவான். மாமா சொன்னதோ இவ்வளவுதான்: "லாரி எரிஞ்சுது. உள்ளே ஒருத்தன் இருந்தான். இழுத்துப் போட்டேன்." இதற்கு மேல் எவ்வளவு தோண்டினாலும் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் பதிவு ஏன் விடுபட்டது என்று கேட்டதும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அலுவலகப் பேச்சென்றால் அவருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. அவர்கள் படைப்பிரிவின் அலுவலகத்தில் இரண்டு எழுத்தர்கள், இரண்டு மேசைகள். மாமா வலது மேசை, நண்பர் இடது மேசை. அலுவலகம் முழுக்க அவர்களை 'வலது', 'இடது' என்றே கூப்பிட்டார்கள். பிரிவில் இருந்த அத்தனை பேரின் பதிவேட்டையும் இவர்கள்தான் எழுதினார்கள். விதி ஒன்றே ஒன்று: எழுத்தர் தன் பதிவேட்டில் தானே எதையும் எழுதக் கூடாது. ஆகவே இடதினுடையதை வலது எழுதும், வலதினுடையதை இடது எழுதும்.

"சரி மாமா, உங்களுக்கு மெடல் வந்தப்ப இடது ஏன் எழுதலை?"

"லாரிக்குள்ள இருந்ததே அவன்தானே."

இடது இரண்டு கையும் வெந்துபோய் ஆஸ்பத்திரியில் கிடந்தார், பிறகு அப்படியே வேலையை விட்டுப் போனார். பதக்க உத்தரவு வந்தது. மாமாவின் பதிவேட்டை யாரோ வழக்கம்போல இடது மேசையில் கொண்டுபோய் வைத்தார்கள். பிரிவு அப்போது இருந்த பகுதியில் பணியாற்றியதற்கான பொதுப் பதக்கமும் அதே சமயத்தில் வந்து அதோடு சேர்ந்து கிடந்தது. அடுத்த எழுத்தர் வந்தபோது, மேசையைச் சுத்தம் செய்வதற்காகப் பதிவேட்டை அலமாரியில் தூக்கி வைத்தார். கையெட்டும் தூரத்தில் தட்டச்சுப்பொறியோடு மாமா உட்கார்ந்திருந்தார்.

"நீங்களே தட்டிட்டுப் போயிருக்கலாமே. யாருக்குத் தெரியப்போகுது?"

"அது எப்படி மாப்பிள்ளை?" என்றார். நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டதுபோல என்னைப் பார்த்தார்.

(என் பாத்திரம் இவ்வளவு நேர்மையாக இருப்பது எனக்குக் கொஞ்சம் இடித்தது. குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பேசலாம்.)

4

குழுவின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். பொதுப் பதக்கத்தில் சிக்கல் இல்லை, பிரிவில் எல்லோருக்கும் கொடுத்தது, சேர்த்துவிடலாம் என்றார்கள். வீரப் பதக்கத்துக்கு உத்தரவின் நகல் வேண்டும். அந்த வருடத்துக் கோப்புகள் கட்டடம் மாறியபோது காணாமல் போய்விட்டன. பரிந்துரைத்த அதிகாரி இறந்துவிட்டார். ஆகவே நேரில் பார்த்தவரின் வாக்குமூலம் வேண்டும், அதில் அவரும் விண்ணப்பதாரரும் கையெழுத்துப் போட வேண்டும்.

நேரில் பார்த்தவர் உயிரோடு இருக்கிறார். மாதம் ஒருமுறை மாமாவோடு பேசுகிறார். சர்க்கரை அளவு, முட்டி வலி, பேரப்பிள்ளைகள் என்று எல்லாம் பேசுவார்கள், தீயைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது.

"அவன்கிட்ட கேக்க மாட்டேன்" என்று மாமா ஒரே போடாகப் போட்டார். "காப்பாத்தினவனே போய், 'உன்னைக் காப்பாத்தினேன்னு எழுதிக் கொடு'ன்னு நிக்கறதா?"

எனக்குப் புல்லரித்தது. கதை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். கடைசி வரியைக்கூட எழுதிவிட்டேன்: "சில கடன்களைக் கேட்காமல் இருப்பதே அவற்றுக்குச் செய்யும்—"

நல்ல வேளை, அத்தை கதை படிக்கிறவர் இல்லை. மாமா குளிக்கப் போன நேரத்தில் தொலைபேசியை எடுத்து இடதைக் கூப்பிட்டுவிட்டார்.

5

இடது வந்தார். உட்காரக்கூட இல்லை.

"ஏன்டா, அந்தப் பதிவு இன்னும் ஏறலையா?"

"இல்ல."

"என் மேசையில கிடந்த வேலைடா அது! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வேற எவனோ ஏத்தியிருப்பான்னு இத்தனை நாள் நிம்மதியா இருந்தேனே!"

"நீ ஆஸ்பத்திரியில இருந்தே."

"இத்தனை வருஷமும் ஆஸ்பத்திரியிலயா இருந்தேன்?"

அத்தை டீ கொண்டுவந்தார். இடது தம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துத் தூக்கினார். விரல்கள் உள்பக்கம் மடங்கியே இருந்தன. தட்டுத்தடுமாறிக் கையெழுத்துப் போடுவாராம், அதற்கு மேல் எழுத முடியாது. ஆகவே அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

"எழுதிக்கங்க தம்பி. 'எரிந்துகொண்டிருந்த வாகனத்துக்குள் இரண்டு முறை நுழைந்து'..."

"ஒரு முறை" என்றார் மாமா.

"ரெண்டு."

"ஒரு முறைதான். உனக்கு எப்படித் தெரியும்? நீ மயங்கிக் கிடந்தே."

இடது தம்ளரைக் கீழே வைத்தார். "மயங்கலடா. புகையில கண்ணைத் திறக்க முடியல, அவ்வளவுதான். முதல்ல வந்து என் கையைப் பிடிச்சே. அப்புறம் விட்டுட்டே. நீ ஓடற சத்தம் கேட்டுச்சு. சரி, முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அப்புறம் திரும்பி வந்தே."

மாமாவின் முகத்துக்கு மூன்று உவமைகள் எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"சூடு தாங்கல. விட்டுட்டு ஓடிட்டேன். வெளியே நின்னுட்டிருந்தேன். எவ்வளவு நேரம்னு இப்பவும் தெரியல. அதிகாரி வந்தப்ப உன்னை இழுத்துட்டு வந்துட்டிருந்தேன். அவர் பார்த்தது அதை மட்டும்தான். அதுக்குத்தான் மெடல் கொடுத்தாரு. நான் உடனே இழுத்திருந்தா உன் கை..."

தட்டச்சுப்பொறி பக்கத்திலேயே இருந்தும் அவர் ஏன் தட்டவில்லை, யாரிடமும் ஏன் கேட்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. விதி உண்மைதான். ஆனால் அவர் அந்த விதிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தார். பாவமாக இருந்தது. முன்பைவிட அவரை எனக்கு அதிகமாகப் பிடித்தும் இருந்தது.

"அதனாலதான் ரெண்டுன்னு சொல்றேன்" என்றார் இடது. "முதல் தடவை உள்ளே எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது. ரெண்டாவது தடவை நல்லாத் தெரிஞ்சே வந்தே. ஒண்ணுன்னு எழுதினா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"ரெண்டுன்னா முதல் தடவை ஏன் வெறுங்கையோட வந்தேன்னு கேப்பாங்க. நான் போட மாட்டேன்."

அத்தைக்கும் இது புதுச் செய்தி. கேட்டுக்கொண்டே நின்றவர் தம்ளர்களை எடுத்துத் தட்டில் வைத்தார். "கையை விட்டாரு. சுட்டிருக்கும், விட்டிருப்பாரு. திரும்பிப் போனாரா இல்லையா? என்னங்க, பேசாம கையெழுத்தைப் போடுங்க."

மாமா அசையவில்லை.

6

முடிவு அ: குழு ஏற்கிறது, சங்கத்தில் கைதட்டல், செயலாளர் தலைகுனிகிறார். எழுதினேன். எனக்கே கூச்சமாக இருந்தது.

முடிவு ஆ: என் சாமர்த்தியம். எண்ணையே போடாமல் 'வாகனத்துக்குள் நுழைந்து மீட்டார்' என்று எழுதி நீட்டினேன். இருவரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள். "எண்ணிக்கை எங்கே?" என்றார் இடது. "இப்படி மொட்டையா எழுதினா திருப்பி அனுப்புவாங்க மாப்பிள்ளை" என்றார் மாமா. காலம் முழுக்கப் பதிவேடு எழுதியவர்களிடம் என் பாச்சா பலிக்கவில்லை.

முடிவு இ: இதை முடிவு என்று சொல்ல முடியாது. கடைசியாக நடந்தது, அவ்வளவுதான்.

மாமா மெதுவாகக் கேட்டார், "நான் வெளியே நின்ன அந்த நேரம், நீ என்ன நினைச்சுட்டிருந்தே?"

"வருவேன்னு நினைச்சேன்" என்றார் இடது. "எனக்குத் தெரியும்டா நீ வருவேன்னு."

சற்று முன் 'முடிஞ்சுது' என்று நினைத்ததாகச் சொன்னவரும் அவரேதான். இரண்டையும் என் கையாலேயே குறித்து வைத்திருக்கிறேன். மாமா அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. இடதின் மடங்கிய விரல்களைத் தன் கைக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, "மாப்பிள்ளை, அந்தத் தாளைக் கொடுங்க" என்றார்.

கொடுக்க வேண்டிய தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. 'வாகனத்துக்குள்' என்ற சொல்லுக்கும் 'முறை நுழைந்து' என்ற சொற்களுக்கும் நடுவே எண்ணுக்கு இடம் விட்டிருக்கிறேன். எதை எழுதினாலும் யாரோ ஒருவர் கையெழுத்துப் போடாமல் போகலாம், போடவும் செய்யலாம். நான் கதை எழுதுகிறவன், என் சொல்லைக் குழு நம்பாது. நீங்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். மாமா கையை நீட்டியபடி காத்திருக்கிறார். எழுதிக் கொடுங்கள்.