இரண்டு பேர் உட்காரும் பெட்டி

ஊரில் ஆலைகள் ஒவ்வொன்றாகக் கதவடைத்த அந்த வருடம், கேளிக்கைப் பூங்காவின் முதலாளிக்குத் தூக்கம் போயே போய்விட்டது. கையில் மிஞ்சிய சேமிப்பையெல்லாம் போட்டு, தலைகீழாகச் சுழலும் ராட்சத ராட்டினம் ஒன்றை வாங்கத் துணிந்திருந்தார். கூட்டம் வந்தால் பூங்கா பிழைக்கும். வராவிட்டால் இருப்பதும் போய்விடும்.

கூட்டாளியான மைத்துனன் முகத்துக்கு நேரே சொன்னான். "மச்சான், ஜனங்க ஏற்கெனவே தலைகீழாத்தான் தொங்குறாங்க. அதுக்கு டிக்கெட் வேற எடுப்பாங்களா?"

"சும்மா இரு மாப்ள. நாளைக்கு ராட்டினக் கம்பெனிக்காரர் வர்றார். கையெழுத்துதான் பாக்கி."

டிக்கெட் ஜன்னலிலிருந்து மனைவி தலையை நீட்டினாள். "ஏங்க, அதுக்கு முன்னாடி அந்தக் குட்டி ரயில் பக்கம் கொஞ்சம் நின்னு பாருங்களேன்."

போனார். வேலிக்கு வெளியே ஒரு மனிதர், ஒரு கையில் பையும் மறுகையில் சின்னச் செருப்புமாக, ரயிலோடு கூடவே ஓடிக்கொண்டிருந்தார். பெட்டியிலிருந்த சிறுமி பொம்மை யானையைப் பார்க்கவில்லை, "அப்பா! அப்பா!" என்று வேலியையே பார்த்தாள். ரயில் குகைக்குள் நுழைந்ததும் அந்தக் குரல் அழுகையாயிற்று. வெளியே வரும்வரை ரயிலோட்டி அவளுக்காகப் பாட்டுப் பாடினார்.

"நீங்களும் ஏறியிருக்கலாமே?" என்றார் முதலாளி.

அந்த அப்பா மூச்சு வாங்கச் சிரித்தார். "வேலை போயிடுச்சு சார். ஒரு டிக்கெட்டுதான் எடுக்க முடிஞ்சுது. ரெண்டு எடுத்தாலும் என் கால் அதுக்குள்ள நுழையாது."

முதலாளி வேலியைத் திரும்பிப் பார்த்தார். நெடுக அம்மாக்களும் அப்பாக்களும், பையும் செருப்புமாக. இத்தனை பேரை வெளியே நிறுத்திவிட்டா, கூட்டமில்லை என்று கடவுளிடம் முறையிட்டோம்?

மறுநாள் கம்பெனிக்காரருக்கு டீ கொடுத்து அனுப்பிவைத்தார். சேமிப்பு, பெரியவர்களும் உட்காரும் அகலப் பெட்டிகளாயிற்று. குழந்தையோடு ஏறும் பெரியவருக்குக் கட்டணம் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்.

மைத்துனன் தலையில் அடித்துக்கொண்டான். "கடையை இழுத்து மூட நல்ல நாள் குறிச்சுட்டீங்க மச்சான்!"

முதல் ஞாயிறு கூட்டம் அலைமோதவில்லை. ஆனால் அந்தச் சிறுமி வந்தாள். குகைக்குள்ளிருந்து இப்போது சிரிப்புதான் கேட்டது, ஒன்றல்ல, இரண்டு. அடுத்த ஞாயிறு அவர்கள் பக்கத்து வீட்டாரையும் கூட்டி வந்தார்கள். அந்தப் பக்கத்து வீட்டார் தங்கள் சொந்தங்களை. மாதக் கடைசியில் வேலைக்காரர்களுக்குச் சம்பளம் குறையாமல் கிடைத்தது.

அன்று முதலாளி முன்பெட்டியில் ஏறினார். மைத்துனன் அவருக்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"டிக்கெட் எங்கடா?" என்றாள் ஜன்னலிலிருந்து அவன் அக்கா.

"எனக்கு எதுக்குக்கா? குழந்தையோடதானே வந்திருக்கேன்!" என்று மச்சானைக் காட்டினான்.

ரயில் கிளம்பியது. வேலியோரத்தில் நிற்க ஆளில்லை. முதலாளி யாருக்கும் தெரியாமல் கைகூப்பிக்கொண்டார்.