திட்டின் பின்பக்கம்

தைப்பொங்கல் கழிந்த முதல் சனிக்கிழமை. விடிந்தும் வெளிச்சம் வரவில்லை. காவிரி பனிக்குள் படுத்திருந்தது.

பரிசலில் நான்கு பேர். துடுப்புப் போட மாது. வழிகாட்டியாகக் கோகிலவாணி. ஓசூரிலிருந்து வந்த இளம்பரிதியும் அவன் மனைவி சுசித்ராவும் பயணிகள்.

ஆற்று நடுவே மருதமரங்கள் அடர்ந்த திட்டு ஒன்று. அங்குள்ள சாம்பல் நிறப் பெரிய அணிலையும் நீர்நாயையும் பார்க்கத்தான் இந்தச் சுற்றுலா. ஆனால் முன்பக்கத்தோடு சரி. பின்பக்கம் ஒரு நீர்நாய் குட்டி போட்டிருந்தது. ஆட்கள் நெருங்கினால் குட்டிகளைக் கவ்விக்கொண்டு வேறு பொந்து தேடிப் போகும். ஆற்றில் முதலை உண்டு. போன வருடம் அப்படிப் போன குட்டிகளில் ஒன்றுகூடத் தப்பவில்லை. கோகிலா அதைக் கண்ணால் பார்த்தவள். இந்த வருடம் அவள்தான் மல்லுக்கட்டிப் பின்பக்கத்தை மூட வைத்தாள்.

"அணில் எங்கங்க?" என்றாள் சுசித்ரா.

"பனி வெலகட்டுங்க. அதுக்கும் குளுருமில்ல?" என்றாள் கோகிலா.

சுசித்ரா சிரித்தாள். இளம்பரிதி சிரிக்கவில்லை. "பனியக் காட்டவா கூட்டிட்டு வந்தீங்க?"

மாதுவுக்குச் சுருக்கென்றது. வந்தவர் முகம் வாடினால் பரிசலைச் சுற்றிவிடுவது பரிசல்காரர் வழக்கம். சுற்றினால் சிரிக்காத ஆள் கிடையாது. துடுப்பை ஒரே பக்கமாக அழுத்தினான்.

"மாதண்ணா, வேணாம்..."

அவள் சொல்லி முடிப்பதற்குள் பரிசல் சுழன்றது. வெள்ளை. எல்லாம் வெள்ளை. நின்றபோது கரை எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை.

"எங்கண்ணா இருக்கறோம்?"

"ஆத்துலதான்."

"வெளையாடாதீங்க."

"தண்ணி இழுக்கற பக்கம் போவட்டும், வுடு."

பரிசல் தன்போக்கில் போயிற்று. நீர் அடியைத் தடவும் சத்தம் மட்டும். ஒருவர் தூக்கத்துக்குள் இன்னொருவர் போவதுபோல் இருந்தது.

பிறகு மருதமர வேர்கள் தெரிந்தன, கை எட்டும் தூரத்தில். வேருக்கடியில் மணல். மணலில் மூன்று குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டுகொண்டிருந்தன.

கோகிலாவும் இத்தனை பக்கத்தில் பார்த்ததில்லை.

நீரிலிருந்து தாய் தலை தூக்கியது. மீசையில் துளிகள். நால்வரையும் பார்த்தது. மேலே கிளையிலிருந்து நீண்ட சாம்பல் வால் ஒன்று பனிக்குள் தொங்கி ஆடியது. பனி குட்டிகளை மூடியது, திறந்தது, மூடியது.

இளம்பரிதி கைபேசியை எடுத்தான். கோகிலா அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். அவன் மறுக்கவில்லை. மடியில் போட்டுக்கொண்டான்.

மாது சத்தமில்லாமல் துடுப்பை ஊன்றிப் பின்னே தள்ளினான். வேர்கள் கரைந்தன. சீழ்க்கைபோல ஒரு குரல் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

கரையேறியபோது வெயில் வந்திருந்தது.

"என் புத்தியச் செருப்பால அடிக்கணும் கோகிலா," என்றான் மாது.

"அது குட்டியத் தூக்கியிருக்குமாண்ணா?"

"ஒருக்கா வந்ததுக்குத் தூக்காது. மறுக்கா போனாத்தான்."

அவள் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். இளம்பரிதி நனைந்த கால்சட்டையோடு அவளிடம் வந்தான். காலையில் இருந்த முகம் அவனிடம் இல்லை. குரலும் தணிந்திருந்தது.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்க. அம்மாவுக்கு மட்டும் இதக் காட்டணும். அவங்க வூட்ட விட்டு வெளிய வந்தே ரொம்ப நாளாச்சு. ஒரே ஒரு தடவ, அதே எடத்துக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"