ஹால்வோர் அனுப்பிய ஆட்கள்

பந்தை எந்தப் பக்கம் தட்ட வேண்டும் என்பது ஹால்வோருக்குத் தூக்கத்திலும் தெரியும். ஊரில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் மறந்துபோயிருந்தது. பெல்ஜியத்திலும் ஜெர்மனியிலும் கால்பந்தில் நடுக்கள ஆட்டக்காரனாக ஓடி ஓடி முழங்கால் தேய்ந்த பிறகு, நார்வேயில் தான் பிறந்த ஊரான லௌவிக்குக்குத் திரும்பியிருந்தான். கோல் போட்டுப் பேர் வாங்கிய ஆள் அல்ல. அடுத்தவன் கோட்டைவிட்ட பந்தையும் சேர்த்துத் துரத்துகிறவன். நார்வே அணிக்கும் சில ஆட்டங்கள் ஆடியிருக்கிறான். இப்போது அவனுக்கு இருந்த ஒரே ஆசை, ஆடத் தொடங்கிய ஊர்க் கிளப்புக்கே பயிற்சியாளர் ஆவது. சனிக்கிழமை டூக்னாட் முடிந்து காப்பி குடிக்கும்போது முடிவெடுக்கலாம் என்று கிளப் தலைவி ஒட்னி சொல்லியிருந்தாள்.

டூக்னாட் என்பது ஊர் கூடித் தேர் இழுக்கிற சமாசாரம். பனி உருகியதும் எல்லோரும் திரண்டு மைதானத்தைச் சரிசெய்வார்கள். டாக்டரும் வருவார், மீன் தொழிற்சாலை முதலாளியும் வருவார். வடம் பிடிக்க யாரும் கூலிக்கு ஆள் வைப்பதில்லை.

ஹால்வோர் வைத்தான். கெட்ட எண்ணம் இல்லை, பாவம். பார்வையாளர் படிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் கூட்டத்தில் அவன் பேரும் இருந்தது. முழங்காலை மடக்க முடியாதே என்று பக்கத்து நகரத்திலிருந்து இரண்டு பெயிண்டர்களைக் காலையிலேயே அனுப்பிவிட்டு, பேக்கரியில் பெரிய கேக் ஒன்று வாங்கிக்கொண்டு சாவகாசமாக வந்தான்.

வந்து பார்த்தால், பெயிண்டர்கள் பெயிண்ட் தெளிக்கும் எந்திரத்தை வைத்துப் படிகளை முடித்து, வேலியையும் முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். ஊரே காய்ந்த பிரஷ்ஷும் கையுமாக நின்றிருந்தது.

"வாடா, பெரிய மனுஷா! தூங்கி எழுந்தாச்சா?" என்றான் ஸ்டெய்னார், சின்ன வயதில் கூட ஆடியவன்.

"முட்டி வலிடா. அதான்..."

"வலின்னா வந்து சும்மா உக்காந்து வாஃபிள் தின்னிருக்கலாமே. எங்கப்பா போன வருஷம் ஆக்சிஜன் சிலிண்டரோட வந்து உக்காந்திருந்தாரு."

நாலு பேர் சிரித்தார்கள். ஹால்வோருக்குக் காது மடல் சுட்டது. நிறைந்த மைதானத்தில் பெனால்டியைத் தவறவிட்ட நாளில்கூட இப்படிக் கூசியதில்லை. மேசையில், நடுவில் அமுங்கிப்போன வீட்டுக் கேக்குகள் எல்லாம் காலியாகிக்கொண்டிருந்தன. அவன் கொண்டுவந்த பெட்டியை யாரும் திறக்கவில்லை.

ஒட்னி கோப்பையைத் தட்டினாள். "ஹால்வோர் நம்ம பசங்களுக்குப் பயிற்சி குடுக்கறேன்னு கேட்டிருக்கான். ஆட்டம் தெரிஞ்சவன். என்ன சொல்றீங்க?"

எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஒரு கைகூட மிச்சமில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டான்.

"சரி," என்று அவன் பக்கம் திரும்பினாள் ஒட்னி. "மாசம் எவ்வளவு எதிர்பார்க்கறே?"

அந்தக் கிளப்பில் எந்தப் பயிற்சியாளரும் சம்பளம் வாங்கியதில்லை. போன வருஷம்வரை இருந்த பஸ் டிரைவருக்குக் கிறிஸ்துமஸுக்கு ஒரு காப்பிப் பொட்டலம் கொடுப்பார்கள், அவ்வளவுதான். இது ஹால்வோருக்கும் தெரியும், அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

குத்திக்காட்டுகிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தான். அப்படியிருந்தால் சிரித்துச் சமாளித்திருப்பான். அவள் நிஜமாகவே கேட்டாள். கிளப்புக்குக் கட்டுப்படியாகுமா என்ற கவலைகூட அந்த முகத்தில் இருந்தது. ஸ்டெய்னார் காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெக்கப்படாம சொல்லுப்பா," என்றாள் ஒட்னி. "வேலைக்கு வர்றவங்களுக்குக் குடுத்துத்தானே ஆகணும்."