அறுபத்தொன்றாம் பக்கம்

ஒவ்வொரு மாதமும் கூட்டத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, ஆல்டன் பள்ளிக்கூட அலுவலகத்திலிருந்து ஒரு கனத்த காகிதக் கட்டு ட்வேன் க்ரெப்ஸின் டயர் கடைக்கு வந்து சேரும். நூற்றைம்பது பக்கம், சில மாதம் இருநூறு. திங்கட்கிழமைக் கூட்டத்தில் என்னென்ன முடிவாகப் போகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். பள்ளிக் குழுவின் ஏழு உறுப்பினர்களும் அதைப் படித்துவிட்டு வரவேண்டும் என்பது ஏற்பாடு. ட்வேன் முதல் பக்கத்தைப் படிப்பார். மீதியின் மேல் காப்பிக் கோப்பையை வைப்பார்.

எட்டு வருடமாக இப்படித்தான் நடந்தது. அதற்காக அவரைப் பொறுப்பில்லாதவர் என்று ஊரில் யாரும் சொல்லிவிட முடியாது. குழுவில் இருப்பதற்குச் சம்பளம் கிடையாது, வசவு மட்டும் உண்டு. இடுப்பில் எந்நேரமும் அவசர அழைப்புக்கான பேஜர் கட்டியிருப்பார். நெப்ராஸ்கா மாநிலத்தின் அந்த மூலையில் ஆம்புலன்ஸ் ஆட்கள் என்றால் டயர் கடைக்காரரும் விதைக் கடைக்காரரும்தான். யாருக்கு நெஞ்சு வலித்தாலும், எந்த டிராக்டர் கவிழ்ந்தாலும், பாதி கழற்றிய சக்கரத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடுவார். அப்படிப்பட்ட மனிதருக்குக் காகிதம் புரட்டப் பொறுமையில்லை. காகிதம் யாரையும் கொல்லாது என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

அந்த வருடம் மூன்றாவது முறையாக அவர் தேர்தலில் நின்றார். அந்த வருடம்தான் ஊரே கொக்கு பிடித்து ஆடியது.

விஷயம் இதுதான். பிள்ளைகள் குறைந்துபோனதால் ஆல்டன் பள்ளியையும் பதினான்கு மைல் தள்ளியிருந்த ப்ரூயெட் பள்ளியையும் ஒரே நிர்வாகத்தில் சேர்த்துவிட்டார்கள். கட்டடம் இரண்டு, விளையாட்டு அணி ஒன்று. அணியின் சட்டையில் எந்த மிருகத்தைப் போடுவது? ஆல்டன்காரர்களுக்கு எழுபது வருடமாகக் காட்டெருமை. ப்ரூயெட்காரர்களுக்குக் கொக்கு. புருஷன் ஆல்டன், பெண்டாட்டி ப்ரூயெட் என்றிருந்த வீடுகளில் சாப்பாட்டு மேசையில் பேச்சே நின்றுபோனது.

செப்டம்பர் கூட்டத்துக்கு இருநூறு பேர் வந்தார்கள். மற்ற மாதங்களில் நாலு பேர் வந்தால் அதிகம். ஆளுக்கொரு அட்டை பிடித்துக்கொண்டு சுவர் ஓரமெல்லாம் நின்றார்கள். முதல் வரிசையில் ட்வேனின் பக்கத்து வீட்டு ஜோலீன் பவெல்காவும் அவள் மகள் கேலியும் இருந்தார்கள். ஜோலீன் முதியோர் இல்லத்தில் சமையல் வேலை பார்ப்பவள், கணவன் இல்லாமல் பிள்ளையை வளர்ப்பவள். கேலிக்கு ஒன்பது வயது, அவளுக்கு ஆஸ்துமா உண்டு என்பது தெருவுக்கே தெரியும். காட்டெருமை அட்டையை அவளே வரைந்திருந்தாள்.

ட்வேன் குனிந்து பார்த்தார். "ஏம்மா, இது காட்டெருமையா, பன்னியா?"

"தள்ளி நின்னு பாருங்க, மிஸ்டர் க்ரெப்ஸ். கிட்ட வந்து பாத்தா எல்லாமே பன்னி மாதிரிதான் தெரியும்."

ஜோலீன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ட்வேனும் சிரித்துக்கொண்டே மேடைக்குப் போனார்.

கூட்டம் தொடங்கியதும் முதலில் வருவது ஒப்புதல் பட்டியல். தகராறு இல்லாத விஷயங்களையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டி, ஒரே ஓட்டில் முடித்துவிடுவார்கள். பதினான்கு விஷயம் இருந்தாலும் 'ஆம்' ஒன்றுதான். அதில் ஏதாவது ஒன்றைத் தனியாகப் பேசவேண்டும் என்று ஒரே ஒரு உறுப்பினர் சொன்னால் போதும், அதை வெளியே எடுத்துவிட வேண்டும். காரணம்கூடச் சொல்ல வேண்டாம்.

தலைவர் க்ளென் ஸ்டர்ம் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "ஜனங்க காத்துக்கிட்டிருக்காங்க. பட்டியலைச் சட்டுன்னு முடிச்சிருவோம். யாராவது எதையாவது தனியா எடுக்கணுமா?"

யாரும் வாய் திறக்கவில்லை.

"அப்ப யாரு முன்மொழியறீங்க?"

"நான்" என்றார் ட்வேன். ஏழு பேரும் வரிசையாக ஆம், ஆம் என்றார்கள். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

பிறகு கொக்கு விவகாரம் மூன்று மணி நேரம் ஓடி, முடிவாகாமலே நின்றது. "ஒத்தக் கால்ல நிக்கிற பறவை, மைதானத்துல எப்படிங்க ஓடும்?" என்று ட்வேன் கேட்டபோது ஆல்டன்காரர்கள் கூரை அதிரக் கைதட்டினார்கள். தேர்தலில் ஜெயித்துவிட்டோம் என்று அந்த நிமிடமே அவருக்குத் தோன்றியது. அடுத்த சனிக்கிழமை 'மீண்டும் க்ரெப்ஸ்' என்ற தேர்தல் அட்டையை ஜோலீன் வீட்டுப் புல்தரையில் கேலிதான் நட்டாள். கோணலாக நட்டாள். நிமிர்த்தப் போனவரை, அப்படியே இருக்கட்டும் என்று அவளே தடுத்துவிட்டாள்.

அக்டோபர் நடுவில் சோள அறுவடை மும்முரமாக இருந்தது. அறுவடை இயந்திரங்கள் கிளப்பிய தூசி ஊரின் மேல் மஞ்சளாகத் தொங்கியது. செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு ட்வேனின் இடுப்பில் பேஜர் அலறியது. ஆல்டன் பள்ளிக்கூடம், ஒன்பது வயதுப் பெண், மூச்சு விட முடியவில்லை.

பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. கையில் பிடித்திருந்த டயர் லிவரைக்கூடக் கீழே வைக்காமல் வண்டியில் ஏறினார்.

நர்ஸ் அறையின் தரையில் கேலி கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. ஆசிரியை ஒருத்தி அவளை மடியில் தாங்கி, "இழு கண்ணு, மெதுவா இழு" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அலுவலகத்து வில்மா இரும்பு அலமாரி முன் நின்று ஒரு கொத்துச் சாவியில் ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதுவும் திரும்பவில்லை. பிள்ளைகளின் மருந்தெல்லாம் பூட்டி வைக்கவேண்டும் என்பது பள்ளி விதி. கேலியின் இன்ஹேலர் அந்த அலமாரிக்குள் இருந்தது.

"சாவி எங்க?"

"நர்ஸ் கையில. ப்ரூயெட்லேருந்து கிளம்பிட்டாங்க. வந்துக்கிட்டே இருக்காங்க."

"அங்க என்ன பண்றாங்க?"

"செவ்வாய், புதன், வியாழன் அங்கதானே, ட்வேன்."

"எவன் சொன்னான்?"

வில்மா அழுதுகொண்டே திரும்பினாள். "நீங்கதான் சொன்னீங்க. உங்க குழுதான். செப்டம்பர்ல."

அவர் லிவரைக் கதவிடுக்கில் கொடுத்து ஒரே நெம்பு நெம்பினார். பூட்டு உடனே தெறித்தது. அவ்வளவு லேசான பூட்டு. அதை உடைக்கலாம் என்ற எண்ணம், விதிப்படி நடந்தே பழகிய அந்த இரண்டு நல்ல பெண்களுக்கும் பன்னிரண்டு நிமிடமாக வரவில்லை. உள்ளே ஒரு பிளாஸ்டிக் பையில் இன்ஹேலர் இருந்தது. பையின் மேல் பெயர் ஒட்டி, பக்கத்தில் ஒரு காட்டெருமையும் வரைந்திருந்தது. கிட்டத்தில் பார்த்தபோது அது பன்றி மாதிரிதான் இருந்தது.

வாயில் வைத்து அழுத்தினார். மருந்து வந்தது. அதை உள்ளே இழுக்கக் குழந்தையிடம் மூச்சு இல்லை. மாவட்ட ஆஸ்பத்திரி வண்டி வரும்வரை அந்தச் சின்ன நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார். வந்தவர்கள் அவர் தோளைப் பிடித்து இழுத்து எழுப்ப வேண்டியிருந்தது. கேலி போய்விட்டாள்.

அன்று மாலை கடைக் கதவைச் சாத்திக்கொண்டு செப்டம்பர் கட்டை எடுத்தார். மேலே எட்டு, பத்து காப்பி வட்டங்கள் இருந்தன. ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். ஒன்பதாவது விஷயம், சுகாதாரப் பணியாளர் நேர மாற்றம். ஒரே நர்ஸ், இரண்டு கட்டடம், நாட்களைப் பிரித்துக்கொள்வது. ஒரு வரிதான். அதற்கு ஆதாரமாக அறுபத்தொன்றாம் பக்கத்தில் நர்ஸ் ஓடெல் தன் கையால் எழுதிய கடிதம் இருந்தது.

'ஆல்டன் கட்டடத்தில், மருந்துக்காகக் காத்திருக்க முடியாத பிள்ளைகள் நான்கு பேர் இருக்கிறார்கள். நான் இல்லாத மூன்று நாட்களும் சாவி யாரிடம் இருக்கவேண்டும் என்று குழு முடிவு செய்ய வேண்டும். குழு ஆணையில்லாமல் நான் யாரிடமும் கொடுக்க முடியாது. தயவுசெய்து இதைத் தனியாக எடுத்துப் பேசுங்கள்.'

காப்பிக் கறை அந்தப் பக்கம் வரைக்கும் ஊறியிருந்தது. கடிதத்தைப் படித்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ட்வேன் டயர்களுக்கு நடுவே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

அடக்கம் முடிந்த மறுநாள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஜோலீன் வீட்டுக்குப் போனார். துக்க வீட்டுக்கு ஊரார் கொண்டுவந்த சாப்பாட்டுத் தட்டுகள், திருப்பித் தருவதற்காக அடியில் பெயர் ஒட்டியபடி, அடுக்களை முழுக்கத் திறக்காமல் கிடந்தன. அவள் அவரைக் கண்டதும் எழுந்து, "பூட்டை உடைச்சது நீங்கதானாமே" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி அவருக்குச் சுட்டது.

"ஜோலீன், நான் சொல்றதக் கேட்டுட்டு அப்புறம் கையைப் பிடி."

தாளை மேசைமேல் வைத்தார். அவள் நின்றுகொண்டே படித்தாள். இரண்டாம் முறை படித்தாள்.

"இது எப்ப வந்தது?"

"செப்டம்பர்ல. கூட்டத்துக்கு முன்னாடி."

"படிச்சீங்களா?"

"இல்ல."

"யார் முன்மொழிஞ்சது?"

"நான்."

அவள் கத்துவாள் என்று அவர் எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பார்.

"நானும் அங்கதான் இருந்தேன்" என்றாள். குரல் வறண்டிருந்தது. "நீங்க 'நான்'னு சொன்னப்போ முதல் வரிசையில நின்னேன். எம்பொண்ணோட சாவியப் பத்திப் பேசறாங்கன்னு எனக்குத் தெரியல. எப்படா கொக்கு வரும்னு பாத்துக்கிட்டு நின்னேன். நானும் கைதட்டினேன், ட்வேன்."

அவர் மேசைமேல் இருந்த தாளை எடுத்து மடித்தார்.

"வாசல்ல இருக்கிற உங்க அட்டைய எடுத்துட்டுப் போயிருங்க. அவ நட்டது. என்னால பிடுங்க முடியல."

புல்தரை இறுகிப் போயிருந்தது. கோணலாக நின்ற அந்த அட்டையை அவர் இரண்டு கையாலும் பிடித்து இழுத்து எடுத்தார். ஜன்னல் திரைக்குப் பின்னால் அவள் நின்றது தெரிந்தது.

தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு வேட்பாளர்களை மக்கள் கேள்வி கேட்கும் கூட்டம் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. கேள்வியைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். ஆளுக்கு மூன்று நிமிடம். முதல் சீட்டை எடுத்த நூலகக்காரப் பெண்மணி தயக்கத்தோடு படித்தாள். கொக்கா, காட்டெருமையா?

எதிர்த்து நின்ற மெர்ல் டக்கர் கொக்குக்காக மூன்று நிமிடமும் பேசினார். அடுத்து ட்வேன் எழுந்தார். ஒரு கையில் கோணல் அட்டை, மறு கையில் கறைபட்ட தாள். நர்ஸின் கடிதத்தை வாய்விட்டுப் படித்தார். தான் அதைப் படிக்கவில்லை என்றார். தானே முன்மொழிந்ததாகவும் சொன்னார்.

"எனக்கு ஓட்டுப் போடாதீங்க. ஓட்டுச் சீட்டுல பேரு அச்சாயிருச்சு, எடுக்க முடியாதாம். இருந்தாலும் போடாதீங்க."

பின்னாலிருந்து ஒருவர், "விடுங்க ட்வேன், உங்க மேல தப்பில்ல. பூட்டை உடைச்சதே நீங்கதான்" என்றார். பலர் தலையாட்டினார்கள். கைதட்டக்கூட ஆரம்பித்தார்கள்.

"தட்டாதீங்க" என்றார் ட்வேன். "அன்னிக்குத் தட்டினது போதும்."

தட்டியவர்கள் கையை இறக்கினார்கள். நூலகக்காரப் பெண்மணி பெட்டிக்குள் கைவிட்டு அடுத்த சீட்டைப் பார்த்தாள், கீழே வைத்தாள். இன்னொன்றைப் பார்த்தாள், அதையும் வைத்தாள். எல்லாவற்றிலும் கொக்குதான் இருந்தது.

அப்போது ப்ரூயெட் பக்கத்து விவசாயி ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார். "கடிதாசில நாலு பிள்ளைங்கன்னு இருந்ததே. மத்த மூணு பேர் யாரு?"

மேடையில் இருந்த யாருக்கும் தெரியவில்லை. ஏழு பேர் ஒப்புதல் கொடுத்திருந்தார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. நடு வரிசையில் ஒரு பெண் மடியில் காட்டெருமை அட்டையோடு எழுந்தாள். "எம்பையன் ஒருத்தன்" என்றாள். "அவனோட ஊசி மருந்து அந்த அலமாரியிலதான் இருக்கு, புதுப் பூட்டும் போட்டாச்சு. நாளைக்குப் புதன்கிழமை. சாவி யார்கிட்ட இருக்கும்?"

கதவோரம் ஜோலீன் நிற்பதை ட்வேன் அப்போதுதான் பார்த்தார். எப்போது வந்தாளோ தெரியாது. அவர் அவளைப் பார்த்தே பேசினார்.

"எந்தப் பக்கத்துல யாரோட பிள்ளை இருக்குன்னு நமக்குத் தெரியாது. அதனால எல்லாப் பக்கத்தையும் படிக்கணும். படிக்க நேரமில்லாதவன் அந்த நாற்காலியில உக்காரக் கூடாது. உக்கார வெச்ச நீங்களும் கொக்கு வர்ற அன்னிக்கு மட்டும் வந்தாப் பத்தாது."

மூன்று நிமிடம் முடிந்ததற்கான மணி அடித்தது. ட்வேன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கதவோரம் நின்ற ஜோலீன் நேராக நடு வரிசைக்கு வந்து, நின்றுகொண்டிருந்த அந்தத் தாயின் பக்கத்தில் நின்றாள்.

"சாவி யார்கிட்ட இருக்கும்?" என்று அவளும் கேட்டாள்.