ஆளில்லாத கணக்கு

...வலைத்தளத்தின் ஃபோல்டருக்கு அனுமதி கொடுத்தாயிற்று, படிக்கலாம், எழுதலாம், இரண்டிலும் டிக், இனி வலைத்தளம் தானாகப் படங்களை வாங்கிச் சேமித்துக்கொள்ளும், ஆனால் யாருக்குக் கொடுத்தான், சர்வர் தன் வேலைக்கென்று வைத்திருக்கும் கணக்குக்கு, அதற்குப் பின்னால் ஆள் கிடையாது, முகம் கிடையாது, வெறும் பெயர், வெறும் பெயரோடு இருப்பது அவனுக்கும் பழகிவிட்டது... எதிர் மேசையிலிருந்து மேனேஜர் அக்கா எட்டிப் பார்த்தார். "என்னப்பா, உன் பேய்க்குக் கதவு திறந்துச்சா?" "திறந்தாச்சுக்கா." "அப்போ சாப்பிட வா. அது பாட்டுக்கு வேலை பார்க்கும்." "நீங்க போங்க, வரேன்."

சாப்பாட்டு நேரம் இறந்துபோன மனைவியுடையது. இந்த வலைத்தளத்தைக் கட்டியதே அவள்தான், ஒலி ஏறுகிறதா என்று பார்க்கத் தன் குரலையே பதிந்து ஏற்றியவை அந்த ஃபோல்டருக்குள் அவள் ஃபோல்டரில் கிடக்கின்றன, ஹலோ, கேக்குதா, டேய் சிரிக்காதடா, பதிவாகுது... பக்கத்து நாற்காலியில் சிரித்தது அவன். வேறெங்கும் அந்தக் குரல் இல்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு சொடுக்கினான். அனுமதி இல்லை. மறுபடியும். அனுமதி இல்லை. எங்கே தப்பு... உள்ளே இருக்கும் எல்லா ஃபோல்டருக்கும் இதையே பொருத்து என்ற கட்டத்தையும் டிக் செய்திருக்கிறான், அனுமதிப் பட்டியலில் பழைய பெயர்களைத் துடைத்த கையோடு தன் பெயரையும் துடைத்திருக்கிறான். இப்போது அவளிடம் போகக்கூடியது அந்தக் கணக்கு ஒன்றுதான்.

வழி இருக்கிறது. உரிமையாளர் என்ற இடத்தில் அவள் பெயர், அதை எடுத்துத் தன் பெயரைப் போட்டால் திறந்துவிடும். வங்கியில் எடுத்தார்கள், வாடகை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள், அவள் போன் நம்பர்கூட யாரிடமோ போய்விட்டது, இங்கே மட்டும்தான் அவள் இன்னும் எதற்கோ உரிமையாளர்... மாற்றவா என்று கேட்டது திரை. ஆம், இல்லை. குரலா, பெயரா, இதென்ன கேள்வி... இல்லை என்பதை அழுத்தினான். அப்போதுதான் கண்ணில் பட்டது, அவள் ஃபோல்டர் கடைசியாக மாறிய நேரம், இந்த நிமிடம். வலைத்தளத்தை இன்னும் யாருக்கும் திறந்துவிடவில்லை, யாரும் எதையும் ஏற்றவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தான், சுவர்க் கடிகாரத்தில் நிமிடம் நகர்ந்தது, ஃபோல்டரின் நேரமும் நகர்ந்தது. உள்ளே அந்தக் கணக்கு எதையோ எழுதுகிறது, யாருக்கு... பயம் வந்திருக்க வேண்டும், வரவில்லை, அப்பாடா, அவள் தனியாக இல்லை என்றுதான் முதலில் தோன்றியது, தோன்றிய பிறகுதான் பயம் வந்தது, அப்படியானால் இத்தனை நாளும் அவளை எங்கே இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தான்...